குளிருக்கு ஒரு மூடி

ஏலக்காட்டில் சனிக்கிழமை சம்பளம். அதனால் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருக்கிறவர்களுக்கு வாரத்தில் ஆறு ராத்திரி ஒரு கணக்கு, ஏழாவது ராத்திரி வேறு கணக்கு. மற்ற நாட்களில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அட்டைக்கடி, கத்தி பட்ட காயம் என்று வரும். சனிக்கிழமை எட்டு மணிக்கு மேல் யாராவது கதவைத் தட்டினால் கண்ணுக்கு முன்னால் மூக்கு முந்திக்கொள்ளும். அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. குடித்த பெரியவர் சத்தம் போட்டுக்கொண்டு தானே நடந்து வருவார். பையனென்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த நாலு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

1988இல் உத்தமபாளையத்திலிருந்து கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் நர்ஸ் வேலைக்கு மலை ஏறினேன். எஸ்டேட் பெயர் வேண்டாம். 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வைத்திய வசதி இருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில் இரண்டு கட்டில், ஒரு ஸ்டெரிலைசர், ஒரு மருந்து அலமாரி, நான். டாக்டர் வாரத்தில் சில நாள் வருவார். ராத்திரிக்கு டாக்டர் கிடையாது.

பிள்ளைகள் குடிப்பதைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிடும்போது எல்லாரும் ஈரல் படம் கேட்கிறார்கள். கருத்துச் சுருங்கிப்போன ஈரலை ஒரு சார்ட்டில் காட்டினால் பயந்துவிடுவார்கள் என்று நினைப்பு. நாற்பது வயதுக்காரரின் ஈரலைப் பார்த்துப் பதினைந்து வயதுப் பையன் பயப்படுவதில்லை. நாற்பது வயதாவது அவனுக்கு நம்பவே முடியாத சங்கதி. தவிர, நான் பார்த்த வரையில் பதினைந்து, பதினாறு வயதில் குடி கெடுப்பது ஈரலை அல்ல. ஈரல் கெட வருஷக்கணக்காகும். பையன்களை ஆபத்தில் தள்ளுவது ஒரே ஒரு ராத்திரி. அன்றைய குளிர், வெறும் வயிறு, வாந்தி, மலைப்பாதை வளைவு.

குளிரிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த மலையில் எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் பக்கம் கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே. ஆடியில் மழை பிடித்தால் விறகும் காயாது, துணியும் காயாது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அந்தக் குளிருக்கென்று ஒரு பிராந்திக் குப்பி சாமி படத்துக்குப் பின்னாலோ அரிசிப் பானைக்குப் பக்கத்திலோ இருக்கும். சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பார்கள், பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பார்கள், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள். உள்ளுக்கு என்றால் அளவு, குப்பியின் மூடி. "ஒரு மூடிதான் சிஸ்டரம்மா, குளிருக்கு" என்று ஆறு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன அப்பத்தாக்களை எனக்குத் தெரியும். அன்பில் குறையில்லாதவர்கள். பிற்பாடு பையன்களிடம் முதன்முதலில் உனக்கு ஊற்றிக் கொடுத்தது யார் என்று கேட்கத் தொடங்கியபோது, கெட்ட சகவாசம் என்று ஒருவனும் சொல்லவில்லை. அப்பத்தா, தாய்மாமன், சித்தப்பா. வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் பட்டியல்.

பிராந்தி உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு அடியில் ஓடும் சின்ன ரத்தக் குழாய்களை அது விரித்துவிடும். உள்ளே இருக்கிற சூடான ரத்தம் தோலுக்கு வரும், கன்னம் சிவக்கும், கதகதப்பாகத் தெரியும். அப்படி வெளியே வந்த சூடு காற்றோடு போய்விடும். உடம்பு குளிரில் நடுங்குவது சூடு உண்டாக்கத்தான். குடி அந்த நடுக்கத்தையும் மட்டுப்படுத்திவிடும். மழையில் நனைந்த பையன் இரண்டு கிளாஸ் ஊற்றிக்கொண்டு "இப்ப குளிரலக்கா" என்று சொல்வது, கதவைத் திறந்து போட்டுவிட்டு அடுப்பு நன்றாக எரிகிறது என்று சந்தோஷப்படுகிற மாதிரி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காய் எடுப்புக் காலம். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவன், லீவுக்குக் கம்பத்திலிருந்து மாமாவோடு மலைக்கு வந்தவன். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் அறைப் பக்கம் கதகதப்பாக இருக்கும். ராத்திரி அங்கே உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள். பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுக் குடித்தார்கள். பையன் காலையில் தின்ற கஞ்சியோடு சரி. வாந்தி எடுத்தவனைத் தெளிய வைக்க ஓடைக்குக் கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எழுந்திருக்காததால் சும்மா தூங்குகிறான் என்று சாக்கைப் போர்த்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது அக்குளில் வைத்த தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறவேயில்லை. உதடு நீலம். கிள்ளினால் முனகல் கூட இல்லை. எங்களுக்குக் குளுக்கோமீட்டர் புதிதாக வந்திருந்த சமயம். விரலில் குத்தினேன். சர்க்கரை நாற்பதைத் தொடவில்லை.

இந்தச் சர்க்கரை விஷயம் ஊரில் அநேகம் பேருக்குத் தெரியாது. சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தருவது ஈரல்தான். சாராயம் உள்ளே போனால் ஈரல் முதலில் அதைக் கவனிக்கப் போய்விடும், புதிதாகச் சர்க்கரை செய்கிற வேலை நின்றுபோகும். பெரியவர்களுக்கு ஈரலில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். பிள்ளைகளுக்கும் ஒல்லி உடம்புக்காரர்களுக்கும் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். மூளைக்குச் சர்க்கரை குறைந்தால் தள்ளாட்டம், குழறல், மயக்கம், சில பேருக்கு வலிப்பு. குடிபோதையும் பார்க்க இப்படித்தான் இருக்கும். அதனால் பக்கத்தில் இருக்கிறவர்கள் போதை என்றே நினைத்துக்கொள்வார்கள். டாக்டர் எழுதி வைத்திருந்த உத்தரவுப்படி நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினேன், ஈரத் துணியைக் கழற்றிக் கம்பளி சுற்றினேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் "அம்மா" என்றான். காலையில் அவன் மாமா வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நாந்தான் சிஸ்டர் ஊத்துனேன், அவன் கேக்கல" என்று அவராகவே சொன்னார். அப்படி ஒத்துக்கொண்ட ஆளை அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பார்த்ததில்லை.

குளுக்கோமீட்டர் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் குத்துமதிப்பாகச் செய்தோம். மயங்கி வந்தால் ஒரு குளுக்கோஸ் பாட்டில், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு குளுக்கோமீட்டர் பட்டையில் தெரிந்துவிடும் விஷயம் அன்றைக்கு அதிர்ஷ்டத்தில் நடந்தது. என் காலத்தில் இந்த வேலையில் வந்த பெரிய மாற்றம் எது என்று கேட்டால் ஸ்கேனையோ ஆம்புலன்ஸையோ சொல்ல மாட்டேன், இந்தப் பட்டையைத்தான் சொல்வேன்.

பையன் எப்போது குடிக்க ஆரம்பிக்கிறான்? எங்கள் காட்டில் அதற்கு வயதை வைத்துப் பதில் கிடையாது, சம்பளத்தை வைத்துத்தான். நான் வந்த புதிதில் சின்னப் பையன்களுக்கு அரை ஆள் சம்பளம். காய் எடுப்பில் கூடையோடு ஓடுவது, தண்ணீர் சுமப்பது, களை அள்ளுவது. பதினாலு முடிந்து பதினெட்டு முடியாதவர்கள் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டுமானால் டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தச் சான்றுக்காக எடையும் உயரமும் பார்த்தவள் நான். முப்பத்தைந்து கிலோ இருப்பான், மீசை அரும்பியிருக்காது. ஒரு நாள் கங்காணி அவன் பெயரை முழு ஆள் பட்டியலில் எழுதுவார். அந்தச் சனிக்கிழமை கூட்டாளிகள் அவனைச் சூழ்ந்துகொள்வார்கள். முழு ஆள் ஆகிவிட்டாய், எங்களுக்கு வாங்கிக் கொடு, நீயும் ஊற்றிக்கொள். மறுத்தால் அவன் இன்னும் அரை ஆள்தான். அவன் சம்பாதித்த காசில் அவனுக்கே ஊற்றிக் கொடுக்கும் சடங்கு இது. படிப்பை விட்ட பிள்ளைகள் படிக்கிற பிள்ளைகளைவிடச் சீக்கிரம் குடியில் விழுவதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எங்கள் ஊரில் இந்த ஒன்றே போதும்.

எடையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதையும் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுவேன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம். அப்படியென்றால் அறுபது கிராம் சொச்சம் உள்ளே போகிறது. எழுபது கிலோ ஆளுக்கே அது அதிகம். நாற்பது கிலோ பையன் அதை ஒரே மூச்சில் குடித்தால், வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற அளவைப் போல ஏழு மடங்கு அவன் ரத்தத்தில் ஏறிவிடும். பையன்கள் ஒரே மூச்சில்தான் குடிப்பார்கள், யாராவது வந்துவிடுவார்களே என்று. குடித்து முடித்த பிறகும் அரை மணி, முக்கால் மணி வரை ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். "தூங்கித் தெளியட்டும்" என்று விட்டு வருகிற நேரம்தான் அளவு உச்சிக்குப் போகிற நேரம். மோர், எலுமிச்சை, கடுங்காப்பி எதுவும் அதை இறக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் இறக்கும்.

1996 ஏப்ரல் முதல் தேதி கேரளத்தில் சாராயக் கடைகளை மூடினார்கள். ஏ.கே. ஆண்டனி முதலமைச்சராக இருந்தார். அன்றைக்கு லயத்துப் பெண்கள் சிரித்ததை நான் பார்த்தேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சில மாதம் சனிக்கிழமைகள் உண்மையிலேயே அமைதியாக இருந்தன. அப்புறம் இரண்டு காரியம் நடந்தது. ஓடைப் பக்கம் ஊறல் போட ஆரம்பித்தார்கள். மலையாளத்தில் கோட என்பார்கள், வெல்லத்தை ஊற வைத்துக் காய்ச்சுவது. காய்ச்சுகிற இடத்தில் காவலுக்கு நிற்பது யார்? பையன்கள். இரண்டாவது, பாட்டில் விலை கட்டாததால் கூட்டுச் சேர்ந்து வாங்கும் பழக்கம் வந்தது. கூட்டுக் காசைக் கொடுத்து வாங்கிவர அனுப்புவது யாரை? அதுவும் பையன்களைத்தான்.

2003 கடைசியில் தமிழ்நாட்டில் டாஸ்மாக் சில்லறை மதுக் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு இந்த அனுப்புதல் இன்னும் வழக்கமாகிப்போனது. எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டில் நின்று பார்த்தால் கீழே கம்பம் பள்ளத்தாக்கு. இந்தப் பக்கம் கடை மூடியிருந்தால் அந்தப் பக்கம் திறந்திருக்கும், அங்கே விலை ஏறினால் இங்கே பார்ப்பார்கள். 2014இல் கேரளத்தில் பார்கள் மூடப்பட்டபோதும், 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லி நெடுஞ்சாலை ஓரக் கடைகள் இடம் மாறியபோதும், குடித்தவர்கள் குடித்தார்கள், எல்லை தாண்ட ஜீப்பில் ஏறுகிறவர்கள் கூடினார்கள். ஒரு மாநிலத்துச் சரக்கை அடுத்த மாநிலத்துக்குக் கொண்டுபோவது குற்றம். பள்ளிக்கூடப் பையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது பெரியவர்களின் கணக்கு. கொண்டுவந்த பையனுக்குக் கூலி, மிச்சம் இருக்கும் இரண்டு மடக்கு.

வயது வரம்பும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 21. கேரளத்தில் 21ஆக இருந்ததை 2017இல் 23 ஆக்கினார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு இரண்டும் ஒன்றுதான், ஏனென்றால் கடையில் நிற்பவன் அவனாக இருந்தாலும் காசைக் கொடுத்தனுப்பியது இன்னொருவர். சிறார் நீதிச் சட்டம் 2015இல் 77ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வைத்தியர் சொல்லாமல் பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். இதைச் சொன்னால் லயத்தில் சிரிப்பார்கள். "அப்ப எங்க அப்பத்தாவ உள்ள வைப்பாய்ங்களா?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்டோர் சூப்பர்வைசர்களிடமும் கான்ட்ராக்டர்களிடமும் அதே பிரிவைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

ஜீப்புக்கு வருகிறேன். ஏலக்காட்டு வேலைக்குக் கம்பம், தேவாரம், கோம்பை, போடிப் பக்கமிருந்து விடியற்காலையில் ஆட்கள் ஜீப்பில் மலை ஏறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு ஒரு எண்ணிக்கை புத்தகத்தில் இருக்கும், ஜீப்பில் வேறொன்று இருக்கும். பிள்ளைகள் பின்னால் தொங்குவார்கள். வாலிபப் பிள்ளைகளின் குடிப்பழக்கத்தைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் வைத்திருக்கும் ஒரு ஆறு கேள்விப் பட்டியலை ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்தார்கள். அதில் முதல் கேள்வி, நீ குடித்தாயா என்பதல்ல. குடித்திருந்தவர் ஓட்டிய வண்டியில், அல்லது நீயே குடித்துவிட்டு ஓட்டிய வண்டியில், எப்போதாவது போனாயா என்பது. அமெரிக்காவில் கார்களை நினைத்து எழுதிய கேள்வி. எங்கள் மலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. குடிக்கிறாயா என்று கேட்டால் தலையைக் குனிகிற பையன், இதற்கு உடனே பதில் சொல்வான். "எல்லா சனிக்கிழமையுந்தான் சிஸ்டர், டிரைவரண்ணன் லேசாத்தான் போட்டிருப்பாரு." அங்கிருந்து பேச்சு தானாக நகரும்.

குடித்துவிட்டு விழுந்த பையனிடம் நான் ஒன்றைத்தான் மீண்டும் மீண்டும் பார்ப்பேன், தலை. போதையில் இருப்பவனுக்கு மண்டையில் அடிபட்டிருந்தால் இரண்டு மயக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாந்தி போதையாலா, உள்ளே ரத்தம் கட்டியதாலா என்று வாசனை சொல்லாது. ஒரு கண்ணின் பாப்பா பெரிதாக இருந்தாலோ, காதில் ரத்தம் வந்தாலோ, எழுப்ப எழுப்ப ஆழமாகப் போனாலோ காத்திருக்கக் கூடாது. எங்களுக்குக் கட்டப்பனையோ நெடுங்கண்டமோ முதல் நிறுத்தம். பெரிய கேஸ் என்றால் மலையிறங்கித் தேனி மெடிக்கல் காலேஜ், இல்லையென்றால் கோட்டயம். எந்தப் பக்கம் போனாலும் வளைவுப் பாதையில் மணிக்கணக்கு. ஒரு தடவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், "தண்ணி கேஸ், ஓரமா படுக்க வைங்க" என்றார்கள். பையனின் அம்மா நடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து என் ரெஃபரல் சீட்டில் முதல் வரி "தலையில் அடி", இரண்டாவது வரிதான் "மது வாசனை". ஒரே உண்மைதான், வரிசைதான் வேறு. வரிசை மாறியதும் ஸ்கேன் சீக்கிரம் எடுத்தார்கள்.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் போனது. முந்தின வருஷத்து வெள்ளத்தில் காடு அழிந்து காய் இல்லாததால் வந்த விலை. கொஞ்சம் காய் வைத்திருந்தவர்கள் கையிலெல்லாம் காசு புரண்டது. அந்த வருஷம் நான் பார்த்த கேஸ்கள் லயத்துப் பிள்ளைகள் அல்ல, சொந்தக்காடு உள்ள வீட்டுப் பிள்ளைகள். புது பைக், பீர், அதோடு எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பது. அந்தக் கலவை பொல்லாதது. உள்ளே இருக்கும் காஃபீன் தூக்கத்தை விரட்டி, நிதானமாக இருக்கிறோம் என்ற நினைப்பைக் கொடுக்கும். போதை குறைவதில்லை, போதை என்று தெரிவதுதான் குறையும். பதினேழு வயதுப் பையனுக்குப் பைக் வாங்கிக் கொடுத்த அப்பாவிடம், வயது வராத பிள்ளை வண்டி ஓட்டினால் பெற்றவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், இருபத்தைந்தாயிரம் அபராதம் என்று அதே வருஷம் சட்டம் திருத்தியதைச் சொன்னேன். "ஏழாயிரம் விக்கிற நேரத்துல இருபத்தஞ்சாயிரம் என்ன சிஸ்டரே" என்றார். இரண்டு வருஷத்தில் விலை ஆயிரத்துக்குக் கீழே போனது. பைக்கை விற்றார்கள். பையனின் குடியை விற்க முடியவில்லை.

விற்க முடியாமல் போவதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. மூளையில் ஆசைப்படுகிற பகுதி முதலில் வளர்ந்துவிடும். "பொறு" என்று சொல்கிற முன்பக்கம் முதிர இருபத்தைந்து வயது பக்கம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் கற்றுக்கொண்டது எதுவானாலும் ஆழமாகப் பதியும், பாட்டுக் கற்றாலும் சரி, குடி கற்றாலும் சரி. 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், பதினைந்து வயதுக்கு முன் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பின்னாளில் குடிக்கு அடிமையாயிருந்தார்கள். இருபதுக்கு மேல் தொடங்கியவர்களில் பத்துப் பேர். எர்ணாகுளத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டபோது நூற்றுக்குப் பதினைந்து பேர் ஒரு தடவையாவது குடித்திருந்தார்கள். தொடங்கிய வயது சராசரியாகப் பதினாலைக்கூட எட்டவில்லை. எய்ம்ஸ் நிறுவனத்தின் 2019 அறிக்கை, நாடு முழுக்கப் பத்திலிருந்து பதினேழு வயதுக்குள் சுமார் 30 லட்சம் பிள்ளைகள் குடிப்பதாகச் சொன்னது. வாசலில் அம்மா நிற்க, கணக்கெடுப்பவர் கேட்டால் எந்தப் பிள்ளை ஆமாம் என்று சொல்லும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களை நான் படிக்கிறேன்.

ஆசிரியர்கள் கவனித்துச் சொல்வது வேறு மாதிரி. எட்டாவது வரை வாய்ப்பாடு ஒப்பித்தவன் பத்தாவதில் போர்டைப் பார்த்து எழுதத் தடுமாறுகிறான் என்பார்கள். திங்கட்கிழமை வர மாட்டான், செவ்வாய்க்கிழமை வந்து தூங்குவான். நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதியைக் குடி நேராகத் தாக்குகிறது. அதிகம் குடித்த ராத்திரியில் என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியாமல் போவது அதனால்தான். அப்பா அடித்தாரா, தான் அடித்தோமா என்று தெரியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுத பையன்கள் உண்டு.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்ல முடியும், அவர்களை யாரும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஜன்னல் வழியாக என்னை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஒரே எடையுள்ள ஆணைவிடப் பெண் உடம்பில் நீர் குறைவு, அதனால் அதே அளவு அதிகம் ஏறும். அதைவிட முக்கியமாக, மயங்கிய பெண்ணுக்கு யாராவது கெடுதல் செய்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கும். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன்.

இன்னொன்று, குடித்த நேரத்துக் கோபம். அப்பாவோடு சண்டை, காதல் முறிவு, பரீட்சை. தெளிந்த மனத்தில் அழுதுவிட்டுத் தூங்கியிருக்கக்கூடியவன், போதையில் கையில் கிடைத்ததை எடுத்துவிடுகிறான். ஏலக்காட்டில் கையில் கிடைப்பது பூச்சி மருந்து. அந்தக் கேஸ்களை விவரிக்கப் போவதில்லை. 2011இல் கேரளம் மிகக் கொடிய மருந்துகள் சிலவற்றைத் தடை செய்தது எங்களுக்குப் பெரிய உதவி. மருந்துப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பெண்களிடம் கொடுக்க வைத்தது என் சொந்த வேலை. மனசு தாங்காத பிள்ளைகளுக்கு 14416 என்ற டெலிமானஸ் நம்பரில் தமிழிலேயே பேசலாம், காசில்லை. குடியை விடுவதற்குக் கேரள கலால் துறையின் விமுக்தி, 14405. இரண்டையும் டிஸ்பென்சரிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். வெளிப்பக்கம் ஒட்டினால் ஒருவரும் நின்று படிக்க மாட்டார்கள், அடுத்தவர் பார்ப்பாரே என்று.

2020 ஊரடங்கில் கடைகள் ஒரேயடியாக மூடியபோது பெரியவர்களுக்கு நடுக்கமும் பிரமையும் வந்தன. டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று கேரள அரசு உத்தரவு போட்டது, டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அந்தச் சமயத்தில் என் பயமெல்லாம் பையன்களைப் பற்றி. அப்பாவுக்காக எதையாவது தேடிப் போவார்கள், தேடியதை ருசி பார்ப்பார்கள். அந்த அக்டோபரில் பாலக்காட்டு வாளையாரில் ஒரு பழங்குடிக் குடியிருப்பில் விஷச்சாராயம் ஐந்து பேரைக் கொன்றது. விஷச்சாராயத்து மெத்தனால் எப்போதும் இப்படித்தான், 1982 வைப்பினிலும் 2024 கள்ளக்குறிச்சியிலும் அதே கதை. கண் மங்கலாகத் தெரிகிறது என்று குடித்தவன் சொன்னால் அடுத்த வார்த்தை கேட்கக் கூடாது, வண்டி பிடிக்க வேண்டும் என்று லயத்துப் பெண்களுக்குச் சொல்லி வைத்தேன். காய்ச்சுகிறவர்கள் கூட அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

எது பலன் தந்தது என்று கேட்டால், சார்ட்டும் ஊர்வலமும் உறுதிமொழியும் தரவில்லை. மூன்று சில்லறைக் காரியங்கள் தந்தன. எங்கள் எஸ்டேட்டில் சனிக்கிழமைச் சம்பளத்தைச் சாயங்காலத்திலிருந்து மத்தியானத்துக்கு மாற்றினார்கள். பெண்கள் கைக்கு முதலில் காசு வந்தது, கடை சாமான் வாங்க நேரம் கிடைத்தது. பதினெட்டு முடியாதவனின் கூலியை அம்மாவின் பாங்கு கணக்கில் போடச் சொல்லிச் சண்டை போட்டு வாங்கினோம். மூன்றாவது, அப்பத்தாக்கள். கூட்டம் போட்டு அவர்களைத் திட்டவில்லை. ஒரு மழைநாளில் நாலு பேரை உட்கார வைத்து, ஒருவர் கையில் கொஞ்சம் பிராந்தியைத் தேய்த்து ஊதச் சொன்னேன். கை சில்லிட்டது. "இதான் நெஞ்சுல நடக்குது" என்றேன். ஒரு கிழவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ படிச்சவ, நான் எட்டுப் புள்ள வளத்தவ" என்றாள். மற்ற மூன்று பேர் குப்பியை அடுப்படியிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் என்மேல் கொஞ்ச நாள் கோபமாக இருந்தார்கள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் காய் எடுப்புக் காலத்தில் கூப்பிட்டால் போகிறேன். லயத்தில் தமிழ் குறைந்துவிட்டது. ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், பையன்களும் வருகிறார்கள். வயது என்ன என்று கேட்டால் எல்லாருக்கும் "அட்டாரா", பதினெட்டு. யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பிய பதில். அவர்களுக்கு இங்கே அப்பத்தா இல்லை, தாய்மாமன் இல்லை, ஊற்றிக் கொடுக்கிறவர் ஆள் பிடித்து வந்த கான்ட்ராக்டர். சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்களாம், பாட்டில் காசையும். போன காய் எடுப்பில், ராத்திரி மயங்கிக் கொண்டுவரப்பட்ட ஒருவனுக்குச் சர்க்கரை பார்த்து, கம்பளி சுற்றி, தெளிந்த பிறகு அந்த ஆறு கேள்விகளை இந்தியில் படித்துக் காட்ட ஒரு அசாம் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஜீப் கேள்விக்கு அவன் ஆமாம் என்றான். ஓட்டியது யார் என்று கேட்டேன். வாசலில் நின்றிருந்த கான்ட்ராக்டரைப் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டு இரண்டாவது கேள்விக்குப் போனோம்.